பவுன்தாயி தலையாட்டிய மத்தியானம்

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கெடக்கட்டும், இந்தத் தரைய இனிமேதான் தொடைக்கணும். வக்கீலம்மாதான நீங்க? போன்ல குரலக் கேட்டப்பவே நெனச்சேன், சின்ன வயசாத்தான் இருப்பீங்கன்னு. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. சத்தம் மட்டும் கொஞ்சம் மெதுவா. உள்ரூம்ல எங்க வீட்டுக்காரர் படுத்திருக்கார். இன்னைக்கு டயாலிசிஸ் முடிச்சிட்டு வந்தார். வந்தா அன்னைக்குப் பூரா கண்ணத் தொறக்க மாட்டார்.

ஜெசிந்தா அனுப்பித்தான வந்தீங்க? தெரியும். அந்த மனுஷனுக்குத் தப்பான ரத்தத்த மாட்டினது அவ இல்லைன்னு நான் எழுதிக் குடுத்தா அவ நர்ஸ் வேலை தப்பிக்கும். இல்லாட்டி ரெஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணிருவாங்க, அப்புறம் எந்த ஊர்லயும் அவ ஊசியத் தொட முடியாது. அதான விஷயம்? நீங்க டைப் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க, நான் கையெழுத்துப் போடணும். இருக்கட்டும். அந்த டீப்பாய் மேல வைங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. எல்லாரும் அவ கதையத்தான் கேக்குறாங்க. இந்தத் தேவகி மேட்ரன யாரு வந்து கேட்டா?

ஜெசிந்தா வேலைக்குச் சேந்தப்ப ஊசின்னாலே கை நடுங்கும். நர்ஸுக்குப் படிச்சிட்டு ஊசிக்கு நடுங்குனா என்ன செய்ய? வேற மேட்ரனா இருந்தா வீட்டுக்குப் போடின்னு சொல்லியிருப்பா. நான் என் கைய நீட்டினேன். குத்துடி, தப்பாக் குத்தினா என் கைதான வீங்கும்னேன். இந்தா பாருங்க, இந்த எடத்துலதான். நரம்பு தவறித் தவறிப் போகுது, அழுதுக்கிட்டே குத்துறா. கடைசில ரத்தம் வந்ததும் அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்படி வளத்த புள்ளம்மா. இப்ப நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. ஒருவேளை நம்பர மாத்திட்டாளோன்னு பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து அடிச்சேன். எடுத்தா. ஹலோன்னா. என் குரலக் கேட்டதும் வச்சிட்டா.

நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணேன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

அந்த ரத்த விவகாரம் நடந்த வருஷம் எங்க ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று வாங்கணும்னு எங்க முதலாளி பெரிய டாக்டருக்கு ஆசை. அத வாங்கிட்டா வாசல்ல பெருசா போர்டு வைக்கலாம், இன்சூரன்ஸ்காரங்க தேடி வருவாங்க. அதுக்கு வெளியூர்ல இருந்து அதிகாரிங்க வருவாங்க, நர்ஸுங்கள நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பாங்க. என்னென்ன கேப்பாங்கன்னு முன்னாடியே தெரியும். அதனால பத்தாங்கிளாஸ் பரிச்சைக்கு மாதிரி மனப்பாடம் பண்ண வச்சோம். நான்தான் அதிகாரி வேஷம். கண்ணாடிய மூக்கு நுனியில எறக்கி விட்டுக்கிட்டு, 'உங்க வார்டுல ஒரு தப்பு நடந்தா என்ன செய்வீங்க?'ன்னு கேப்பேன். புள்ளைங்க எல்லாம் ராகம் போட்டுச் சொல்லும். 'உடனடியாகத் தெரிவிப்போம். தெரிவிப்பவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்பட மாட்டாது.' நல்லா இருக்குல்ல? நான்தான் எழுதிக் குடுத்தேன்.

ஜெசிந்தா மட்டும் கையத் தூக்கினா. 'மேடம், இது நெஜமா?'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நெஜம்தான்டி, சத்தமாச் சொல்லுன்னேன். அவ சிரிக்கல. எல்லாரும் பரிச்சைக்குப் படிச்சா, அவ ஒருத்தி மட்டும் நம்பிப் படிச்சிருக்கா. அது என் தப்பா? சொல்லுங்க.

அப்பத்தான் இந்த சுருளியாண்டி விவகாரம். ஆம்பளைங்க வார்டுல பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில ரெண்டு பேர். ஒருத்தர் சுருளிச்சாமி, இன்னொருத்தர் சுருளியாண்டி. எங்க பக்கம் சுருளி பேர வைக்காத குடும்பத்தத் தேடித்தான் பிடிக்கணும். ரெண்டு பேருக்குமே ரத்தம் ஏத்த வேண்டியது. ஆனா வேற வேற குரூப்பு. இந்த மாதிரி நேரத்துக்குன்னே ஒரு முறை இருக்கும்மா. 'உங்க பேரு இதானா'ன்னு கேக்கக் கூடாது. 'உங்க பேரு என்ன'ன்னுதான் கேக்கணும். அவங்க வாயால வரணும். இதையும் நான்தான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

சுருளியாண்டி அரை மயக்கத்துல கெடந்தார். பக்கத்துல அவர் பொண்டாட்டி பவுன்தாயி. வருசநாட்டு மலையடிவாரத்துல இருந்து வந்த பொம்பள. புருஷன் பேர வாயால சொல்லாது. கழுத்த அறுத்தாலும் சொல்லாது. ஆஸ்பத்திரியில சேக்கும்போதே கூட வந்த ஆளு சொல்லித்தான் பேரு எழுதினோம். ஜெசிந்தாவுக்கு அது தெரியும். அதனால அந்தம்மாகிட்டப் பேரக் கேக்கவே மாட்டா. நோயாளி கையில கட்டியிருக்குற பட்டையப் படிச்சு, சீட்டோட ஒத்துப் பாத்துத்தான் ஒரு மாத்திரையக் கூடக் குடுப்பா.

அன்னைக்கு மத்தியானம் அவ சாப்பிடப் போயிருந்தா. சின்ன டாக்டர் வந்தார். பெரிய டாக்டர் மகன். எங்கயோ கல்யாண வரவேற்புக்குப் போகணும்னு அவசரம். பக்கத்துப் படுக்கை சுருளிச்சாமிக்கு வந்த ரத்தப் பை மேசையில இருக்கு. யாருமில்லையா, சரி நானே மாட்டுறேன்னு எடுத்துட்டார். எடுத்தவர் படுக்கை மாறி வந்து நின்னுட்டார். அந்தம்மாவப் பாத்து 'சுருளிச்சாமிதான?'ன்னு கேட்டார். அது சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டுத் தலையாட்டுச்சு. வெள்ளக் கோட்டுக்காரர் என்ன கேட்டாலும் அது ஆட்டும்மா. இன்னைக்குத் தீவாளியான்னு கேட்டாலும் ஆட்டும்.

ஜெசிந்தா திரும்பி வந்து பாத்தா, பை தொங்குது. மனுஷன் வெடவெடன்னு நடுங்குறார், முதுகு வலிக்குது முதுகு வலிக்குதுன்னு முனகுறார். பையில இருக்குற பேரப் பாத்தா. பட்டுன்னு குழாய மூடிட்டு என் ரூமுக்கு ஓடியாந்தா. வாயோரத்துல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு, அதக் கூடத் தொடைக்கல. நான் போய்ப் பாக்குறேன், சின்ன டாக்டர் செவுத்தோட செவுரா நிக்கிறார். மூஞ்சி வெளுத்துப் போச்சு. 'மேட்ரன், நான்தான் மாட்டினேன், இந்தம்மா ஆமான்னு சொல்லுச்சே'ன்னார். என்கிட்டத்தான் சொன்னார். ஆமாம்மா, என் காதால கேட்டேன். எழுதிக்காதீங்க. பேனாவ மூடுங்க. சும்மா கேளுங்க.

அவர் கெட்டவர் இல்ல. நான் இடுப்புல தூக்கி வச்சிருந்த புள்ள அது. பயந்துட்டார், அவ்வளவுதான். பயந்தவங்க என்னென்னமோ செய்வாங்க.

சுருளியாண்டிய மதுரைக்கு அனுப்பினோம். உள்ள போனது கொஞ்ச ரத்தம்தான், ஆனா கிட்னி ரெண்டும் போயிருச்சு. அங்கேயே செத்துப் போனார்.

அதுக்கப்புறம் ஒரு நாள் பவுன்தாயி வைத்தியம் பாத்த பேப்பர் வாங்க வந்துச்சு. பெரிய டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனோம். உக்காரச் சொன்னா உக்காராம நிக்குது. அவர் ஒண்ணும் கத்தல. தன்மையாத்தான் சொன்னார். 'என்னம்மா செய்றது, பேரக் கேட்டப்ப நீதான ஆமான்னு தலையாட்டின?' அந்தம்மா அவர் கால்ல விழுந்துருச்சு. 'சாமி, நானா கொன்னேன்? எம் புருஷன நானே கொன்னுட்டேனா?'ன்னு தரையில தலைய முட்டுது. நானும் ஜெசிந்தாவும் கதவுகிட்ட நிக்கிறோம். எனக்கு மட்டும் கல் மனசா? ஆனா மேட்ரன் அழுதா வார்டு என்ன ஆகுறது?

வெளிய வந்ததும் ஜெசிந்தா என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'மேடம், அந்தம்மாகிட்டச் சொல்லணும்'னா. என்னத்தடி சொல்லப் போற, செத்தவர் திரும்பியா வரப் போறார்னு கேட்டேன். 'அவர் வர மாட்டார் மேடம். அந்தம்மா வீட்டுக்குப் போகுதே, இத மனசுல வச்சுக்கிட்டுப் போகுதே'ன்னா. வாய மூடிக்கிட்டு வேலையப் பாருன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அதிகாரிங்க வந்தாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு. தரையெல்லாம் கண்ணாடி, புள்ளைங்க எல்லாம் புதுத் தொப்பி. ஜெசிந்தா முறை வந்துச்சு. நான் சொல்லிக் குடுத்த அதே கேள்விய அந்த அதிகாரி கேட்டார். இவளும் எழுத்து மாறாமச் சொன்னா. 'உடனடியாகத் தெரிவிப்போம். தெரிவிப்பவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்பட மாட்டாது.' எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் மூச்சு விடாமச் சொல்றா, 'அதனால ஒண்ணு தெரிவிக்கிறேன் சார்.' அம்புட்டுதான். சுருளியாண்டி, பை, பவுன்தாயி, சின்ன டாக்டர், எல்லாத்தையும் கொட்டிட்டா. அந்த அதிகாரி பேனாவக் கீழ வச்சுட்டார். பாவம், அவருக்கே என்ன செய்றதுன்னு தெரியல. 'இதெல்லாம் நீங்க உங்க நிர்வாகத்துக்கிட்டச் சொல்லணும்மா'ன்னு சொல்லிட்டு, அடுத்த கேள்வி, தீ பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்கன்னு கேட்டார். சான்று வந்துருச்சு. போர்டும் வச்சாச்சு. நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்களே.

இப்ப உங்க பேப்பர்ல 'பழிவாங்கல்'னு போட்டிருக்கீங்க. அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கலம்மா. யாரும் யாரையும் பழி வாங்கல. அன்னைக்கே அவள வெளிய அனுப்புன்னுதான் பெரிய டாக்டர் நின்னார். கெஞ்சி நிப்பாட்டினது யாரு? நான். சலவைக்கு மாத்தலாம்னு யோசனை சொன்னதும் நான்தான். வார்டுல இருந்தா ஆளாளுக்குப் பேசுவாங்க, சலவை ரூம்ல யாரு இருக்கா? நீராவியும் அழுக்குப் போர்வையும்தான். கொஞ்ச நாள் ஆறட்டும்னு நெனச்சேன். அவகூட ஒக்காந்து சாப்பிடாதீங்கன்னு மத்த புள்ளைங்ககிட்டச் சொன்னதும் நான்தான். ஏன்? அவளோட சேந்தா அதுகளுக்கும் வில்லங்கம். மேட்ரன்னா எல்லாரையும்தான பாக்கணும்? ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போறேன், சலவை மெஷின் பக்கத்துல டப்பாவ மடியில வச்சுக்கிட்டு ஒத்தையாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா. டப்பாவோட. மரியாத தெரிஞ்ச புள்ளம்மா. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன். அவளுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்ல.

அவளோட நர்ஸ் படிப்பு ஒரிஜினல் சர்டிபிகேட்ட ஆபீஸ்ல தர மாட்டேங்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது எந்த ஆஸ்பத்திரியில தர்றாங்க? உலக வழக்கம் அது.

இதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. அவ லீவு போட்டுட்டு பஸ் ஏறி வருசநாட்டுக்குப் போயிட்டா. பவுன்தாயி வீட்டத் தேடிப் பிடிச்சு, 'உங்க மேல தப்பே இல்லம்மா, கேக்கக் கூடாத மாதிரிக் கேட்டது நாங்கதான்'னு சொல்லியிருக்கா. அந்தம்மா காரியம் முடிஞ்ச நாள்ல இருந்து சரியாச் சோறு திங்கலையாம். இவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சாம். அழுதுட்டு, ஒரு வாய் சாப்பிட்டுச்சாம். இத எங்கிட்ட வந்து சந்தோஷமாச் சொல்றா, பைத்தியக்காரி. 'சாப்பிட்டுச்சு மேடம், சாப்பிட்டுச்சு'ங்குறா.

அந்தச் சேதி பெரிய டாக்டர் காதுக்குப் போச்சு. அந்தம்மா கேசு போட்டுருமோன்னு பயம். அதுக்கப்புறம்தான் ரத்தம் மாட்டினதே ஜெசிந்தாதான்னு ஆச்சு. தன் தப்ப மறைக்கத்தான் டாக்டர் மேல பழி போடுறான்னு நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுதிட்டாங்க. பவுன்தாயி, இல்ல சாமி, கோட்டுப் போட்ட ஆம்பளதான்னு சொல்லிப் பாத்துச்சு. எதுக்கும் தலையாட்டுற பொம்பள சொல்றத எப்படி நம்புறதுன்னுட்டாங்க.

ஆஸ்பத்திரியில விசாரணை வச்சாங்க. என்னையக் கூப்பிட்டாங்க. 'மாட்டும்போது நீங்க பாத்தீங்களா?' பாக்கலன்னேன். பொய்யா அது? மாட்டும்போது பாக்கலதான? மாட்டின பெறகுதான பாத்தேன்? சின்ன டாக்டர் என்ன சொன்னார்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். ஜெசிந்தா எதுத்தாப்புல ஒக்காந்திருந்தா. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. மொறச்சிருந்தாத் தாங்கியிருப்பேன்மா. அவ மொறைக்கல. நான் இன்னும் ஏதோ சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு இருந்தா. நான் நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்ச பெறகும், கதவுகிட்டப் போற வரைக்கும், அதே மாதிரிப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பார்வைக்குத்தான் எனக்கு இப்பவும் தூக்கம் வர மாட்டேங்குது.

போன்ல ஏதோ சட்டம்னு சொன்னீங்களே. தப்ப வெளிய சொன்னவங்களத் தொடக் கூடாதுன்னு ஒரு சட்டம் கொண்டு வரப் பாடுபடுறோம்னீங்க. நல்லதும்மா, எழுதுங்க. வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு போடுவீங்க, சரி. கூட ஒக்காந்து சாப்பிடணும்னு போட முடியுமா? டயாலிசிஸ் மெஷின் இன்னைக்குக் காலி இல்ல, நாளைக்கு வாங்க, நாளன்னைக்கு வாங்கன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னா, அதுக்கு என்ன செக்‌ஷன் போடுவீங்க?

இல்ல, யாரும் அப்படிச் சொல்லல. சொல்லவே இல்ல. தங்கமா நடத்துறாங்க. இந்த ஊர்ல அந்த மெஷின் எங்க ஆஸ்பத்திரியில மட்டும்தான் இருக்கு. இல்லாட்டி மதுரைக்குப் போகணும். இவர் இந்த மாடிப்படி எறங்குறதே ரெண்டு பேர் பிடிச்சாத்தான். சின்ன டாக்டர்தான் பாத்துக்கிறார். 'ஆன்ட்டி, நீங்க நம்ம வீட்டு ஆளு, எப்ப வேணா வாங்க'ம்பார். என் கண்ணப் பாத்துத்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

நான் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். இப்ப புதுசா வந்த புள்ளைங்க ஊசி குத்துறதுக்கு முன்னாடி இவர் பேரக் கேக்குறதில்லம்மா. கையில பட்டையும் கட்டுறதில்ல. நேரா வந்து குத்துதுங்க. பேரக் கேளுங்கடின்னு வாய் வரைக்கும் வரும். ஆனா நான் ஒண்ணும் சொல்றதில்ல. எதுக்குச் சொல்லணும்? அதுகளும் மனசு கோணிட்டா, நாளைக்கு இவருக்குத்தான கஷ்டம்? மெஷின் ஓடி முடியுற வரைக்கும் அந்தக் குழாயவே பாத்துக்கிட்டு இருப்பேன். சாமிய எல்லாம் கூப்பிடுவேன்.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க?

அந்தச் சட்டம் எப்ப வரும்? தெரியாதா? சரி, அது வரட்டும். வந்த மறுநாள் இந்தப் பேப்பரோட வாங்க, மொத ஆளா நான் போடுறேன். என்னது? உங்கள மாதிரி ஆளுங்க போட்டாத்தான் சட்டமே வரும்ங்குறீங்களா? இதென்னம்மா நியாயம்? குடை வேணும்னா மொதல்ல நனஞ்சுட்டு வான்னு சொல்றீங்க. எனக்கு நனையுற வயசு இல்ல. உள்ள ஒரு உசுரு படுத்திருக்கு.

கோவிச்சுக்காதீங்க. அந்தப் புள்ளைக்கு வேற வழி எதுவும் இருக்கான்னு பாருங்க. வயசு இருக்கு, வேற ஏதாவது படிக்கலாம். நான் வேணும்னா...

அது யாரு? ஜன்னல் வழியாப் பாருங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த செல்போன் கடை நெழல்ல நிக்கிறது? துப்பட்டாவத் தலையில போட்டுக்கிட்டு.

ஜெசிந்தாவா?

ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க? மெலிஞ்சு போயிட்டா. இந்த வெயில் நேரத்துல தெருவுலயா நிக்க வைப்பீங்க? மேல வரச் சொல்லுங்க, ஒரு வாய் தண்ணியாவது... இல்ல. வேண்டாம், வேண்டாம். வந்தா என்னன்னு சொல்லுவேன்? வர மாட்டேன்னு அவதான் சொன்னாளா? ஏன், நான் மூஞ்சியில அடிச்சாப்ல ஏதாச்சும் சொல்லிருவேன்னா?

என்ன சொன்னா? 'நான் எதுக்க நின்னா மேடத்துக்குக் கஷ்டமா இருக்கும், நான் கீழயே நிக்கிறேன்'னா? அப்படியா சொன்னா? 'மேடம் கண்டிப்பாப் போடுவாங்க'ன்னாளா?

இன்னுமா?

போங்கம்மா, நீங்க கெளம்புங்க. இவர் முழிச்சுக்குவார். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பேப்பர இப்படிக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்க. நீங்க படியெறங்கும்போதே அவ பாத்துருவா. மடிச்சுப் பைக்குள்ள வைங்க. ரோட்டத் தாண்டி நீங்க அவகிட்டப் போற வரைக்குமாவது, நான் போட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு நிக்கட்டும்.